கயிற்றின் மறுமுனை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் தம்பியின் வாயிலிருந்து பிடுங்கினேன். கடற்படையின் சிறப்புப் படையில் சேர அவன் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். விடுப்பில் வரும்போதெல்லாம், “அங்க என்னடா பண்றீங்க?” என்று கேட்பேன். “நீச்சல் அடிப்போம்க்கா” என்பான், அதோடு சரி. அன்று என்னவோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “என் கூட்டாளி என்கிட்ட பொய் சொல்லிட்டான்க்கா” என்றான்.

முதல் வரி இப்படி வந்தது: கருநீலப் பட்டாய் விரிந்த கடலின் மடியில்—

(அடித்துவிட்டேன். “பட்டா? துறைமுகத் தண்ணிக்கா அது. டீசலும் குப்பையும். நீட்டுன கை தெரியாது” என்று சிரித்தான்.)

2

அந்தப் படை என்ன செய்யும் என்பதைச் சொல்லியாக வேண்டும். கடத்தப்பட்ட கப்பலில் சத்தமில்லாமல் ஏறி மாலுமிகளை மீட்பார்கள். எதிரியின் துறைமுகத்துக்குள் நீருக்கடியிலேயே நுழைந்து கப்பலின் அடிவயிற்றில் வெடி பொருத்துவார்கள். அதற்காகத்தான் பயிற்சியில் கையையும் காலையும் கட்டிக் குளத்தில் தள்ளுவதும், தூங்கவிடாமல் ஓடவைப்பதும். பாதிப் பேருக்கு மேல் அதிலேயே கழன்றுகொள்வார்கள்.

கடைசியில் எஞ்சுகிறவர்களை இரண்டிரண்டு பேராகக் கயிற்றால் பிணைக்கிறார்கள். இருட்டுத் தண்ணீரில் பேச முடியாது, கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால் ‘சரியா?’. பதிலுக்கு ஒரு இழுப்பு, ‘சரி’. விடாமல் இழுத்தால் ஆபத்து. இருவரும் மேலே வந்துவிட வேண்டும். தேர்வில் அப்படி வந்தால் இருவருக்கும் தோல்வி.

தம்பியின் கூட்டாளிக்குப் பட்டப்பெயர் பாறை. எதற்கும் அசையமாட்டான். (இந்த ஆள்மேல் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. அட்டையில் வெட்டிய வீரன் மாதிரி இருந்தான். “ஏதாவது குறை சொல்லேன்டா” என்றேன். “குறட்டை விடுவான். பொண்டாட்டி மாசமா இருக்கா. அவகிட்ட போன்ல பேசினா மட்டும் வாய் ஓயாது.” இப்போது கொஞ்சம் உயிர் வந்தது.)

3

தேர்வு இதுதான்: ஒரு பழைய கப்பலின் அடியில் போலி வெடியைப் பொருத்திவிட்டுத் திரும்ப வேண்டும். குமிழி வெளியே வராத சுவாசக் கருவி. விட்ட மூச்சையே சுத்தம் செய்து திருப்பித் தரும். பாறையின் கருவி சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டது. தலை வலித்திருக்கிறது, மூச்சு திணறியிருக்கிறது. தம்பி ஒரு முறை இழுத்துக் கேட்டான். ‘சரி’ என்று பதில் வந்தது. கொஞ்சம் போய் மறுபடி கேட்டான். ‘சரி.’

மூன்றாம் முறை பதில் இல்லை. கயிறு வெறும் பாரமாகக் கனத்தது.

தலைக்கு மேல் கப்பல். நேராக மேலே போக வழியில்லை. தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய் அவனை நெஞ்சோடு அணைத்து, இரும்பைத் தடவித் தடவி— (இந்த இடத்தில் அவன் நிறுத்தினான். நானும் நிறுத்துகிறேன்.)

பாறைக்கு நினைவு திரும்பியது படகில். தம்பி அவன் கன்னத்தில் ஒன்று விட்டான்.

“ஏன்டா சரின்னு இழுத்த?”

“உன் தேர்வும் போயிடும்ல.”

4

பயிற்சியாளருக்குக் கோபமே வரவில்லையாம். அதுதான் பயமாக இருந்தது என்றான்.

“சொல்லாம சாகிறவன் கூட்டாளியையும் சேர்த்துத்தான் கொல்லுவான். இன்னொரு வாய்ப்பு தர்றேன். விடுப்புல போய் யோசிச்சிட்டு வா. அவனோட இறங்குறியா, வேற ஆள் வேணுமா? வேற ஆள்னா, அவனை வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

“நீ என்னக்கா சொல்ற?” என்றான் தம்பி.

“கதைன்னா, அவனோடயே இறங்குன்னு எழுதுவேன். நீ என் தம்பி. வேற ஆள் கேளுடா.”

அவன் கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை உரித்தான்.

5

பாறையோடுதான் இறங்கினான். விடாமல் இழுத்தானாம் பாறை, அதுவும் ஒத்திகையின்போதே. பதறி மேலே வந்து பார்த்தால், கெண்டைக்காலில் சதைப்பிடிப்பு! “இதுக்காடா?” என்று தம்பி கத்த, “எல்லாத்தையும் சொல்லணும்னு நீதானே சொன்ன?” என்றானாம். பயிற்சியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாராம். அடுத்து வந்த தேர்வில் இருவரும் தேறினார்கள்.

இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை.

ஆனால் தொலைக்காட்சியில் இப்போது ஒரு சரக்குக் கப்பலைக் காட்டுகிறார்கள். கடத்திவிட்டார்களாம். தம்பியின் போன் அணைந்திருக்கிறது. எங்கே போகிறார்கள் என்று வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு முடிவுகள் முயன்றேன். ஒன்றில், கதவைத் தள்ளிக்கொண்டு வந்து “பசிக்குதுக்கா” என்கிறான். மற்றது: வாசலில் சீருடையில் இரண்டு பேர்—

இரண்டையுமே கிழித்துவிட்டேன். முதலாவதை எழுதினால் காத்திருப்பதை நிறுத்திவிடுவேனோ என்று பயம். முடிவு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் காட்டாதீர்கள்.

போன் அடிக்கிறது. பாறையின் மனைவி. பின்னால் குழந்தை அழுகிறது.

“ஏதாவது தெரிஞ்சுதாக்கா?”

“இல்லம்மா. உனக்கு?”

“இல்லக்கா.”

இருவருமே போனை வைக்கவில்லை.