சூட்டறைக்குப் போன ஹார்டு டிஸ்க்

“தோலா அது, வக்கார் பாய்? சூட்டுல போட்டுக் காய வெக்க அது இன்னா ஆட்டுத் தோலா?”

“ஈரமா இருந்திச்சி பாபி. ஈரமா ஒண்ணு கையில வந்தா நாங்க இன்னா பண்ணுவோம்? காய வெப்போம்.”

“ஃபேனுக்குக் கீழ வெச்சிருக்கலாமில்ல? சூட்டறையிலயா வெப்பாங்க, அதுவும் நாள் கணக்கா?”

“நல்லது செய்யப் போனா இப்டித்தான் பேஜாராவுது.”

“நல்லதா! உங்க அண்ணன் ஆயுசு பூரா சேத்து வெச்சதை வேக வெச்சிக் கொண்டாந்து மேஜை மேல வெச்சிட்டு, நல்லது செஞ்சேன்னு வேற சொல்றீங்க!”

எதிர்வீட்டு நசீமுன்னிசா ‘தோலா’ என்ற முதல் சொல்லுக்கே மிக்ஸியை நிறுத்திவிட்டாள். ‘வேக வெச்சி’ வந்தபோது அவள் ஜன்னல் திரை நன்றாகவே விலகியிருந்தது. அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. முனீர் அகமது காலமானதிலிருந்து அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று கேட்டதே அன்றைக்குத்தான். அவர் மனைவி அஃப்ஸர் ஜஹான் கணவன் இறந்தபின் இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் வாசற்படி தாண்டாமல் இருந்தாள். அது முடிந்த மறுநாளே மைத்துனர் வக்காரைக் கூப்பிட்டு, ஆம்பூரின் அந்தச் சந்து முழுவதற்கும் கேட்கும்படி சண்டை பிடித்தாள். சேர்த்துவைத்த குரல் போலிருக்கிறது.

சண்டைக்குக் காரணம் மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி. முனீர் அகமது தோல் ஏஜெண்டு. வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனிக்காரனுக்கும் தோல் பதனிடும் உள்ளூர் டேனரிக்காரனுக்கும் நடுவில் நின்று பேரம் முடித்துவைத்துக் கமிஷன் வாங்குகிறவர். அந்தத் தொழிலில் வெளிநாட்டுக்காரனின் விலாசம்தான் சொத்து. கட்டிய மனைவியிடம்கூட அதைச் சொல்ல மாட்டார்கள். முனீர் இதில் ஊரையே மிஞ்சியவர். வாட்ஸ்அப்பில் பேசினால் விஷயம் பேர்ணாம்பட்டு வரைக்கும் போய்விடும் என்று கடைசிவரை பட்டன் போன்தான் வைத்திருந்தார். வருகிற மெயில் அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள் இறங்கிவிட வேண்டும், வெளியே எங்கேயும் தங்கக் கூடாது என்று ஆள் வைத்துச் செய்துகொண்டார். காப்பி எடுத்து வைத்தால் காப்பியைத் திருடுவார்கள் என்று அதுவும் இல்லை. இப்படிப் பூட்டியதில் திருடனுக்கும் கிடைக்கவில்லை, பெண்டாட்டிக்கும் கிடைக்கவில்லை.

அவர் போனபின் பூட்டிக் கிடந்த ஆபீஸ் அறைக்குள் ஐப்பசி மழை கூரை வழியாக இறங்கியது. தம்பி வக்கார் அகமது போய்ப் பார்த்து, நனைந்த பெட்டியைத் தன் டேனரிக்குத் தூக்கிப்போனார். தோலை இரும்புச் சட்டத்தில் இழுத்து மாட்டி உள்ளே தள்ளி உலர்த்துகிற சூட்டறையில், தோல்களுக்கு நடுவே இதையும் வைத்தார். ஊரில் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் யோசித்த பிறகு, “சிரிக்கற விஷயமா இது? பொண்டாட்டிகிட்ட விலாசம் இல்லன்னா அண்ணனோட பார்ட்டியெல்லாம் தம்பிக்கு வந்துடுமில்ல?” என்றார்கள்.

அஃப்ஸர் ஜஹானும் அதைத்தான் நினைத்தாள்.

இத்தாவில் அவள் சும்மா இருக்கவில்லை. மகள் லுப்னாவின் பழைய லேப்டாப்பில் ஒற்றை விரலால் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டாள். ‘டியர் சார், மை ஹஸ்பெண்ட் எக்ஸ்பயர்ட், ஐ ஆம் ரன்னிங் தி ஆபீஸ்’ என்ற வரி தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். தை பிறந்தால் சென்னையில் தோல் கண்காட்சி. வெளிநாட்டுக்காரர்கள் அங்கேதான் வருவார்கள். அதற்குள் எழுதி, நேரம் வாங்கி, சாம்பிளோடு போய் உட்கார வேண்டும். அந்த வாய்ப்பு தவறினால், வக்கார் தன் வீட்டில் ஏற்கெனவே காலி செய்து வைத்திருக்கும் மாடிப் பகுதிக்கு மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். வக்கார்கூடப் பரவாயில்லை. அவர் மனைவி அஃப்ஷா, விருந்தாளிக்கு இரண்டாம் கரண்டி போடும்போது முகத்தைப் பார்த்துவிட்டுப் போடுகிறவள்.

“அவ கிச்சன்ல தட்டு நீட்டறதுக்கு நான் இன்னொரு இத்தா இருந்துட்டுப் போறேன்” என்றாள் மகளிடம்.

“அம்மி, அதுக்கு இன்னொரு புருஷன் வேணும்.”

“வாயை மூடிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பு.”

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில், செல்போன் கவர் தொங்கும் கடைகளுக்கு மேலே விஷ்ணுவின் கடை. செத்த டிஸ்க்கிலிருந்து எதையாவது எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. போட்டோவுக்காக அழுகிற கல்யாண வீட்டுக்காரர்களைப் பார்த்துப் பழகியவன். பெட்டியைத் திறந்தான், முகர்ந்தான், நிமிர்ந்தான்.

“இன்னாம்மா இது, மாட்டுத் தோல் வாடை வருது?”

“ஆட்டுத் தோல்” என்று திருத்தினாள் அஃப்ஸர் ஜஹான். தொழில் குடும்பம் அல்லவா.

லுப்னா நடந்ததைச் சொன்னாள். விஷ்ணு சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், பிறகு அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“நனைஞ்ச உடனே கொண்டாந்திருந்தா போர்டை மாத்தி எடுத்திருப்பேம்மா. உள்ள இருந்த ஈரத்தோட சூடு பண்ணிட்டாங்க. படிக்கிற முள்ளு தட்டுல ஒட்டிக்கிச்சி. இதே மாடல்ல இன்னொண்ணு தேடிப் புடிச்சி, அதோட முள்ளை இதுல வெச்சிப் பாக்கணும். வந்தா வரும். முழுசா வராது.”

“தம்பி, பாதி வந்தாலும் போதும். கால்வாசி வந்தாலும் போதும். ஒரே ஒரு விலாசம் வந்தாலும் அதை வெச்சிக்கினு நான் பொழைச்சிப்பேன்.”

அந்த வார்த்தையை நசீமுன்னிசா நேரில் கேட்கவில்லை. ஆனால் தெருவில் அவள் அதை நடித்துக் காட்டியபோது பார்த்தவர்கள் கண் துடைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அஃப்ஸர் ஜஹான் விஷ்ணுவைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. காலையில் போன், மதியம் போன். ஒருமுறை ஆற்காட்டு மக்கன் பேடாவோடு நேரிலேயே போய் நின்றாள். “பேடாவுக்கு முள்ளு நகராதும்மா” என்றான் அவன்; பேடாவைத் தின்றுகொண்டுதான் சொன்னான். இதே மாடல் டிஸ்க் சென்னையில் இல்லை, பெங்களூரில் இருக்கிறதாம், அனுப்பினார்களாம், வழியில் எங்கோ நிற்கிறதாம். கண்காட்சி நெருங்க நெருங்க அவள் சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்தாள். லுப்னா ஒரு வழியாக மெயில் பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றி வாங்கி உள்ளே பார்த்தாள். அவர் போனபின் வந்ததெல்லாம் கெமிக்கல் விளம்பரம்.

“ஒரு பார்ட்டிகூட எழுதலையே அம்மி?”

“சீசன் இல்லடி. சீசன் வந்தா எழுதுவாங்க.”

சொன்ன வேகத்தில் அவளுக்கே அதில் நம்பிக்கை கம்மி என்று தெரிந்தது.

கண்காட்சி தொடங்க ஒரு வாரம் இருக்கையில் விஷ்ணு கூப்பிட்டான். தாயும் மகளும் விழுந்தடித்து ஓடினார்கள். திரையில் பெயர்கள் வரிசையாக நின்றன. ஜெர்மனி, இத்தாலி, போர்ச்சுகல். அஃப்ஸர் ஜஹான் திரையையே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “அல்ஹம்துலில்லாஹ். தம்பி, நீ நல்லா இருக்கணும். உன் பிள்ளைங்க நல்லா இருக்கணும்.”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைம்மா.”

“ஆயிடும். எந்தப் பொண்ணு வேணாம்னுவா?”

லுப்னா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மெயில்களைத் திறந்துகொண்டிருந்தாள். அப்பா அனுப்பியவை நிறைய இருந்தன. ‘டியர் ஃப்ரெண்ட், லாங் டைம் நோ நியூஸ்.’ ‘புதுக் கலர் வந்திருக்கிறது, சாம்பிள் அனுப்பட்டுமா.’ ‘என் முந்தைய கடிதம் பார்த்தீர்களா.’ ‘உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது.’ பதில் என்று தேடினால், விலாசம் செல்லாது என்று திரும்பி வந்தவைதான். கம்பெனி மூடிவிட்டது என்று யாரோ ஒருவர் இரண்டு வரி எழுதியிருந்தார். கடைசி இரண்டு வருஷத்தில் வெளிநாட்டுக்காரன் எழுதியது அது ஒன்றுதான்.

“அப்பா தினம் ஆபீஸ் போனாரே அம்மி.”

“போனார். டிபன் கட்டிக் குடுத்தது நான்தானே.”

“அப்போ வீட்டுக்குக் கமிஷன்னு வந்தது?”

மகளே அதையும் கண்டுபிடித்தாள். மாதம் தவறாமல் ஒரு மெயில் வந்திருந்தது. கமிஷன் அனுப்பியாகிவிட்டது என்று ஒரு வரி. எந்த ஆர்டருக்கு என்ற இடம் ஒவ்வொரு முறையும் காலி. அனுப்பியது வக்கார் அகமதுவின் டேனரி.

விஷ்ணு எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டான்.

அஃப்ஸர் ஜஹான் ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை. நேரே டேனரிக்குப் போய், சூட்டறை வாசலில் ஆட்களை அதட்டிக்கொண்டிருந்த வக்காரின் எதிரே நின்றாள். ஆட்கள் தாங்களாகவே விலகினார்கள். காதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். இல்லாவிட்டால் இந்தக் கதை நமக்கு எப்படித் தெரியும்?

“வக்கார் பாய், இந்தக் கதவுல கையை வெச்சே உள்ள எவ்ளோ சூடுன்னு சொல்ற ஆளு நீங்க. தோல் கருகறதுக்கு முன்னாடி வாசனை புடிக்கிற ஆளு. உங்களுக்கா தெரியாம போச்சி, அந்தப் பெட்டி தாங்காதுன்னு?”

வக்கார் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“தெரியும் பாபி.”

“தெரிஞ்சே வெச்சீங்க.”

“நீங்க பாக்கக் கூடாதுன்னு வெச்சேன். அண்ணன் என்கிட்ட கேட்டுக்கினது ஒண்ணே ஒண்ணு. ‘வூட்டுக்குத் தெரிய வேணாம்டா’ன்னு. பெட்டி செத்துப்போனா பார்ட்டி எல்லாம் அதோட போச்சின்னு நெனைச்சிப்பீங்க. பெரிய ஏஜெண்டு பொண்டாட்டியாவே இருப்பீங்க.”

“ஊரு உங்களைத் திருடன்னுது.”

“சொல்லிட்டுப் போவட்டும்.”

இந்த இடத்தில் அவள் காலில் விழுந்திருப்பாள் என்று தெரு எதிர்பார்த்தது. அவள் குரலை உயர்த்தினாள்.

“ரெண்டு பேரும் சேந்து என்னைக் குழந்தையாக்கிட்டீங்க! அன்னிக்கே சொல்லியிருந்தா தையல் மிஷினாவது வாங்கிப் போட்டிருப்பேன். இத்தா பூரா உட்காந்து, இல்லாத ஆபீசுக்கு லெட்டர் அடிச்சிப் பழகினேன். யாரு கிச்சன்ல தட்டு நீட்ட வெக்காதேன்னு அல்லாகிட்ட கெஞ்சினேனோ, அந்தத் தட்டுலதான் ரெண்டு வருஷமா தின்னுக்கினு இருந்திருக்கேன். அது அஃப்ஷாவுக்குத் தெரியுமா?”

வக்கார் சூட்டறைக் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்க்கத் திரும்பிக்கொண்டார். தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்று மாலையே அஃப்ஸர் ஜஹான் மீண்ட விலாசம் அத்தனைக்கும் அந்த ஒரே கடிதத்தை அனுப்பினாள். செல்லாது என்று தெரிந்தவற்றையும் விடவில்லை. லுப்னா தடுத்துப் பார்த்தாள். “அனுப்புடி” என்றாள் தாய். பாதி உடனே திரும்பி வந்தன. மீதி எங்கே போயினவோ, சத்தமில்லை. கண்காட்சி தொடங்கியது, முடிந்தது. அவள் மேஜையை விட்டு எழவில்லை. கடைசி நாள் ஆறு மணிக்கு மேல் லுப்னாதான் லேப்டாப்பை மூடினாள்.

பங்குனியில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். வக்காரின் மாடிக்குப் போவார்கள் என்று அஃப்ஷா பாயெல்லாம் உதறி வைத்திருந்தாள். வண்டி வேலூர்ப் பக்கம் திரும்பியது. வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு சின்ன வாடகை வீடு. அஃப்ஸர் ஜஹான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் அனுப்பும் பகுதியில், பெட்டிக்கு ஒட்டும் லேபிள் அடிக்கும் வேலையில் சேர்ந்தாள். இந்த வயதில் பஸ் பிடித்துப் போகிறாளாம் என்று நசீமுன்னிசா வாயைப் பிளந்தாள். பிறகு அவளே மகன் பின்னால் ஓசூருக்குக் குடிபோய்விட்டாள். இங்கே இப்போது செய்தி எல்லாம் ஒரு நாள் பிந்தித்தான் கிடைக்கிறது.

விஷ்ணுவுக்குக் குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கும் வீட்டில் பெண் அமைந்தது, யோகலட்சுமி என்று. அஃப்ஸர் ஜஹான் போய்ப் பரிசு வைத்துவிட்டு வந்தாளாம்.

மறு வருஷம் லுப்னாவுக்கு வாணியம்பாடியில் மாப்பிள்ளை, மருந்துக்கடை வைத்திருக்கிறான். தகப்பன் இல்லாத பெண்ணின் நிக்காஹுக்குச் சிறிய தகப்பன்தான் வலியாக, அதாவது பெண்ணின் காப்பாளராக, நின்று சம்மதம் சொல்ல வேண்டும். வருஷம் பூராப் பேச்சுவார்த்தை இல்லாத வக்காருக்கு அஃப்ஸர் ஜஹானே போன் செய்தாள். அவர் வந்தார், நின்றார், கையெழுத்துப் போட்டார். சாப்பிடாமல் கிளம்பப் பார்த்தவரை, “சாச்சா, உக்காருங்க” என்று லுப்னா மேடையிலிருந்தே அதட்டினாள். அஃப்ஸர் ஜஹான் தன் கையாலேயே பரிமாறினாள். இரண்டாம் கரண்டியும் போட்டாள். பேசினாளா என்றால், பேசவில்லை. லுப்னா வாணியம்பாடிக்குப் போனாள். தாயைக் கூடவே கூப்பிட்டாளாம், மாப்பிள்ளையும் கூப்பிட்டானாம். அவள் போகவில்லை. வேலூரிலேயே தனியாக இருக்கிறாள் என்று கேள்வி.