குழாயில் ஒரு குமிழி

அக்காவின் கைக்கு இறங்கும் சலைன் குழாயில் ஒரு காற்றுக் குமிழி. பயறளவுதான் இருக்கும். பார்த்ததுமே பம்புக்காரன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான்.

இருபது வருஷமாக மோட்டார் கழற்றி மாட்டுகிற கை அவனுடையது. குழாயில் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மோட்டார் உறுமும், சுற்றும், சூடேறும். தண்ணீர் மட்டும் ஏறாது. கடைசியில் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகிப் போகும். உடம்புக்கு மோட்டார் நெஞ்சுதானே?

இரண்டு நாள் வாந்தி பேதியில் அக்கா பிழிந்து போட்ட துணியாகக் கிடந்தாள். உடம்பில் நீரே இல்லை, இந்தப் பாட்டில் உள்ளே போனால்தான் தேறுவாள் என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார். அவனுக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

குமிழி நகர்ந்தது.

"சிஸ்டர்!"

வார்டின் மறுகோடியில் நர்ஸ் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். "இருங்க, வர்றேன்."

அதுவரை குமிழி காத்திருக்குமா? அதற்குக் கீழே குழாயை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்தான். சொட்டு நின்றது. வந்த வழியே திருப்பி அனுப்பிவிடலாம் என்று தொழில் புத்தி சொல்ல, அப்படியே மேல்நோக்கி உருவினான். குமிழி ஏறியது. விரலுக்குப் பின்னாலேயே, அக்காவின் கையிலிருந்து சிவப்பாக ரத்தமும் ஏறி வந்தது.

விட்டால் காற்று இறங்கும். இன்னும் உருவினால் ரத்தம் வெளியே வரும். பிடித்த பிடியிலேயே நின்றான்.

அக்கா கண் திறந்தாள். "என்னடா, பாம்பைப் புடிச்ச மாதிரி நிக்கிற?"

"பேசாதக்கா. ஏர் புடிச்சிருக்கு."

"என்னையும் கழட்டி மாட்டப் போறியா? நட்டு ஒண்ணு மிச்சம் வச்சிடாதடா."

சிரிக்கப் பார்த்தாள். பாதியில் கண் சொருகியது.

"அக்கா? அக்கா!"

நர்ஸ் ஓடி வந்தாள். "யார் இதைப் புடிக்கச் சொன்னது? எவ்வளவு நேரமா?"

"காத்தும்மா... நெஞ்சுல போய் அடைச்சிரும்..."

"அண்ணா, இந்தத் தண்ணி நின்னாத்தான் ஆபத்து. உள்ள ஓடுறதுக்கு ரத்தமே பத்தாம நெஞ்சு திணறிக்கிட்டு இருக்கு. இத்தனூண்டு காத்து ரத்தத்தோட நெஞ்சுக்குப் போகும், நெஞ்சு அதை நுரையீரலுக்குத் தள்ளும், அங்க கரைஞ்சு மூச்சோட போயிடும். குழாய் பூரா காத்தா இருந்தாத்தான் பயப்படணும். விடுங்க."

விடத்தான் நினைத்தான். விரல் மரத்துப் போயிருந்தது. அவளே ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். குழாயைச் சுண்டினாள். குமிழி மேலே ஓடியது, ரத்தம் கைக்குள் திரும்பியது, சொட்டு விழுந்தது. "இனிமே கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கணும்" என்று அதட்டிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கடுகளவில் இன்னொரு குமிழி இறங்கி வந்தது.

அவன் கை தானாக எழுந்தது. அந்தக் கையை இழுத்து அக்காவின் மணிக்கட்டில் வைத்துக்கொண்டான். குமிழி பிளாஸ்டருக்கு அடியில் போய் மறைந்தது. விரலுக்குக் கீழே நூலிழையாக ஒரு துடிப்பு. ஒன்று. இரண்டு. மூன்று.

அக்காவின் உதடு அசைந்தது. "ஓடுதாடா மோட்டாரு?"

"பேசாதக்கா" என்றான். "எண்ணிக்கிட்டிருக்கேன்."