ஏழாம் பாட்டனார் பெயரில் ஒரு வைஃபை

என் கணவர் தீலெக்குக்கு மறதி கூடவே பிறந்தது. குடையை விட்டுவிட்டு வருவார், தொப்பியை விட்டுவிட்டு வருவார். ஒருமுறை சந்தையில் என்னையே விட்டுவிட்டு வந்து, வீட்டில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றிய பிறகுதான் ஆள் குறைவதைக் கவனித்தார். இப்படிப்பட்டவரை நம்பி ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் வேலை கொடுத்திருந்தது.

எங்கள் ஊர் பிஷ்கெக்கில் வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலை. எங்கள் வீட்டு இணைப்பை அவர்கள் பதிந்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து நேராக உள்ளே போகலாம். வேறு எங்கிருந்து போனாலும் விபிஎன் என்கிற பாதுகாப்பு வழியைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். மறந்தால் கதவு சாத்திக்கொள்ளும். இரண்டு தடவை சாத்தியாகிவிட்டது. மூன்றாவது தடவை நடந்தால் வேலையே கிடையாது என்று கடிதம் வந்த அன்று நான் நிஜமாகவே பயந்துபோனேன்.

“எப்பவும் போட்டே வச்சிருங்களேன்,” என்றேன்.

“போட்டா நம்ம ஊர் பேங்க் ஆப் திறக்காது, டாக்ஸி வராது. நீ சும்மா இரு, நான் ஒரு வழி பண்றேன்.”

பண்ணினார். கைபேசிக்கு ஒரு விதி எழுதி வைத்தார்: வீட்டு வைஃபையின் பெயரைப் பார்த்தால் விபிஎன்னை அணைத்துவிடு, மற்ற எந்த இணைப்பானாலும் நீயே போட்டுக்கொள். எங்கள் வைஃபையின் பெயர் தாய்லாக். தீலெக்கின் ஏழாம் பாட்டனார் அவர். அப்பா வழியில் ஏழு தலைமுறைப் பெயரை மூச்சுவிடாமல் சொல்லாதவன் மனுஷனா என்று கேட்கிற குடும்பம். குடையை மறந்தாலும் தாய்லாக்கை மறக்கமாட்டார்கள்.

பேருந்தில் ஏறினால், விபிஎன் போட்டாயிற்று என்று கைபேசியின் உச்சியில் குட்டிச் சாவிப் படம் வரும். வீட்டுக்குள் வந்தால் போய்விடும். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரம் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்தார்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து ஊரான காரா-பால்ட்டாவில் அவருடைய அக்கா சபீராவின் வீட்டில் விருந்து. அவளுடைய கடைக்குட்டி நடக்க ஆரம்பித்திருந்தான். எங்கள் வழக்கப்படி அவன் காலில் கறுப்பு வெள்ளை நூலைக் கட்டி, ஓட்டத்தில் முந்திய சிறுமி அதை வெட்ட, பையன் இரண்டு அடி வைத்துத் தொப்பென்று உட்கார்ந்தான். நாங்களும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போதுதான் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒப்புதல் தர வேண்டுமாம்.

“முன்னெல்லாம் பதறியிருப்பேன். இப்ப பாரு பெகிமாய்!” பொரித்த போர்சோக் ரொட்டியின் எண்ணெயை விரலிலிருந்து துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார்.

எட்டிப் பார்த்தேன். “ஏங்க, சாவியைக் காணோமே?”

“அதெல்லாம் இருக்கும். மனுஷன்தான் மறப்பான், மெஷின் மறக்காது.”

விரல் இறங்கிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். முப்பது பேர் முன்னால் மருமகள் தன் கணவன் கையிலிருந்து பிடுங்கினால் அந்த வீட்டில் என்ன ஆகும்? தேநீர் ஊற்றுவதுகூட நின்றுபோனது.

“நாம இப்ப எங்க இருக்கோம்?” என்று கேட்டேன்.

“அக்கா வீட்டுல. ஏன்?”

“உங்க போன் பிஷ்கெக்ல, நம்ம வீட்டுல இருக்கு. பாருங்க.”

பார்த்தார். வைஃபை: தாய்லாக். மூன்று வருடத்துக்கு முன்னால் சொந்தக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் வைஃபை பெட்டி பொருத்தியது இவர்தான். யாரும் பாஸ்வேர்ட் கேட்டு நச்சரிக்கக்கூடாது என்று பதினோரு வீட்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். கைபேசி தாய்லாக்கைப் பார்த்தது, வீடு வந்துவிட்டதென்று விபிஎன்னை அணைத்துவிட்டது.

விபிஎன்னைக் கையாலேயே போட்டார். சாவி வந்தது, ஒப்புதலும் போனது. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சபீரா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏன்டா தம்பி, என் வீடு உன் வீடு இல்லையா? உன் போனுக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையே!”

“சிரிக்காதக்கா. உன் வைஃபை பேரை மாத்திடறேன், ரெண்டு நிமிஷ வேலை.”

“தொடாதே.” சிரிப்பு நின்றுவிட்டது.

“வெறும் பேர்தானே?”

“என் பெரிய பசங்க ரெண்டு பேரும் ஏழு தாத்தா பேர் சொல்றாங்க. எல்லாம் இந்த வீட்டு ஆளுங்க. நம்ம அப்பா அதுல வரமாட்டாரு. முறை அப்படித்தான், நான் குறை சொல்லல. ஆனா இந்த வீட்டுல நம்ம வழிப் பேர் இருக்குன்னா, அது அந்தப் பெட்டியில மட்டும்தான்டா.”

நானும் கல்யாணமாகி வந்த வீட்டில் இருப்பவள்தானே.

“சரிக்கா. இருக்கட்டும்,” என்றார் தீலெக், மெதுவாக.

வீடு திரும்பியதும் எங்கள் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து பார்த்தால் என் கைபேசியில் இணைப்பு இல்லை.

“நம்ம வைஃபை பேரை மாத்திட்டேன். விதியிலயும் மாத்திட்டேன். தேடிப் பாரு.”

பட்டியலில் தேடினேன். பக்கத்து வீட்டுப் பெயர்களுக்கு நடுவே புதிதாக ஒன்று: பாய்சாக்.

என்னுடைய ஏழாம் பாட்டனார். பத்து வருடத்துக்கு முன்னால், எங்கள் இரண்டு வழியும் ஏழு தலைமுறைக்குள் எங்கேயும் ஒன்று சேரவில்லையே என்று கல்யாணத்துக்கு முன் சரிபார்த்தபோது, ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

“இது எப்படிங்க ஞாபகம் இருக்கு?” என்று கேட்டேன்.

“ஏன், இருக்கக்கூடாதா?” என்று தலையைத் தடவியவர், சட்டென்று நிறுத்தினார். தொப்பி சபீரா வீட்டிலேயே இருந்தது.