கிரகணம் விடுவதற்குள்

எனக்குக் கிடைக்கவிருந்தது மொத்தம் பத்து நிமிடம். அன்று மாசிப் பௌர்ணமி. கிரகணம் பகலிலேயே பிடித்துவிட்டது. கோயமுத்தூரில் நிலா எழுவது ஆறு இருபத்தேழுக்கு. புகையும் தூசியும் தாண்டிக் கண்ணுக்குத் தெரிய இன்னும் பத்து நிமிடம் ஆகும். ஆறு நாற்பத்தேழுக்குக் கிரகணம் விட்டுவிடும். கிரகண நிலாவைப் படம்பிடிக்கப் போய் மேகத்தால் இரண்டு தடவை ஏமாந்தவன் நான். இந்தத் தடவை விடக்கூடாது என்று, பம்பு கம்பெனியில் மேனேஜரோடு சண்டை போட்டு அரை நாள் லீவு வாங்கிவந்தேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. என் வீட்டுக்குக் கிழக்கே வரிசையாகக் காலி மனைகள். அவற்றைத் தாண்டி நூறு மீட்டரில் வெள்ளியங்கிரி அண்ணன் வீடு. நிலா அவர் மொட்டை மாடிக்கு மேல்தான் எழும். அதற்கு நான் என்ன செய்ய? நிலாவை அந்தப் பக்கம் கட்டிவைத்தது நானா?

முந்தின நாள் மாலை நான் கேமராவை நிறுத்தி ஒத்திகை பார்த்ததை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நேரே வந்துவிட்டார். எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"தம்பி, உங்க கேமரா எங்க ஊட்டையே பாக்குதுங்களாமா. பொம்பளைங்க பொழங்கற ஊடுங்க. எங்காளுக ஒருத்தர் அதுல உழுந்தாலும் அப்பறம் நானு பேச மாட்டனுங்க, போலீஸ்தான் பேசுமுங்க."

எனக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்படிப்பட்டவன் மாடியில் முழ நீள லென்ஸோடு நின்றால் வீதி என்ன பேசும் என்று எனக்கும் தெரியும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, ஆள் யாரும் படத்தில் வரமாட்டார்கள் என்று சத்தியம் செய்தேன். கிரகணம் விடும்வரை தன் வீட்டில் யாரும் மாடிப்படி மிதிக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மனைவி தெய்வாத்தாள் அக்காவை எனக்குக் காலை நடையில் பழக்கம். இன்சுலின் போடுகிறவர். முந்தானையில் ஒரு கடலைமிட்டாய் முடிந்திருப்பார். ஒருநாள் என் கண்ணெதிரிலேயே வேர்த்துக்கொட்டி, பேச்சுக் குழறி, அந்த மிட்டாயைக் கடித்துத்தான் தெளிந்தார். சர்க்கரை இறங்கிவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று சிரித்தார். கிரகணத்துக்கு அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். வெள்ளியங்கிரி அண்ணனின் தமையன் பத்து வயதில் ஒரு கிரகணத்தன்று கம்மஞ்சோறு தின்று, மூன்றாம் நாள் இறந்துபோனாராம்.

ஆறு முப்பத்தேழு. சொன்ன நேரத்துக்கு நிலா வந்தது. செம்மண் நிறத்தில், தலைப்பக்கம் கடிபட்டு, அழுக்காக, அவ்வளவு அழகாக. கேமரா ஐந்து விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வைத்திருந்தேன். படத்தின் அடியில் அவர்கள் மாடியின் கம்பித் தடுப்பு மட்டும் தெரிந்தது.

மூன்று படம்கூட ஆகியிருக்காது, கம்பிக்குப் பின்னால் ஒரு தலை எழுந்தது. தெய்வாத்தாள் அக்கா, கிரகணம் விட்டதா என்று பார்க்க ஏறிவந்திருப்பார் போல. எனக்கு வந்தது கோபம்தான், மறைக்கவில்லை. பத்து நிமிடத்தில் இதுவுமா என்று பல்லைக் கடித்தேன். கேமராவை நிறுத்தக் கை போனபோது, அவர் முந்தானையைத் தடவுவது தெரிந்தது. முடிச்சைத் தேடுகிறார். முடிச்சு இல்லை. இன்னொரு கையால் கம்பியைப் பிடித்தார். அப்படியே சரிந்து உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் ஊசி போட்டிருப்பார், அதற்கப்புறம் வயிற்றுக்கு ஒன்றும் போயிருக்காது. அண்ணனுக்கு ஃபோன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். நேரே போனால், எப்படித் தெரியும் என்று கேட்பார். நான் யோசித்தேன். எதிரே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்க, என் மானத்தை நினைத்து அரை நிமிடம் நின்றேன். அந்த அரை நிமிடத்துக்கு இன்றும் எனக்கு வெட்கம்தான்.

சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு காலி மனை முள்ளில் வெறுங்காலோடு ஓடினேன்.

கேட்டில் பூட்டு. தட்டிய தட்டில் தெரு நாய்கள் குரைத்தன. ஒருவழியாக ஒரு ஜன்னல் விரலளவு திறந்தது, அண்ணன்தான். கிரகணம் விட இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது, அப்புறம் வரச்சொன்னார்.

"அக்கா மாடில உழுந்து கெடக்கறாங்கங்ணா. சக்கரை எறங்கீருச்சு."

"அவ உள்ள படுத்திருக்கறாளுங்க." பிறகு குரல் மாறியது. "நீங்க எப்படிங்க பாத்தீங்க?"

"கேமராவுலதானுங்க பாத்தேன்" என்றேன்.

ஜன்னல் சாத்திக்கொண்டது. உள்ளே அவர் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஒரு தடவை, இரண்டு தடவை. அப்புறம் சாவிக்கொத்து விழும் சத்தம், கேட் திறந்தது.

மாடியில் அக்கா ஜாக்கெட் நனைய வேர்த்துக் கிடந்தார். கூப்பிட்டால் 'ம்' மட்டும் வந்தது. நான் டப்பாவைத் திறந்தேன். அண்ணன் கையை நீட்டித் தடுத்து நிமிர்ந்து பார்த்தார். எதிரே நிலா. தலையில் நகக்கண் அளவுக்குக் கறுப்பு இன்னும் இருந்தது. கம்மஞ்சோறு தின்ற அந்தப் பத்து வயதுத் தமையன் அப்போது அவர் கண்முன் நின்றிருக்க வேண்டும். நான் அதட்டிவிட்டேன், பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை.

டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கினார். வீசப்போகிறார் என்றே நினைத்தேன். குழாயில் கையை நனைத்து, சர்க்கரையைக் குழைத்து, மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாயருகே கொண்டுபோனார். அக்கா வாயைத் திறக்கவில்லை.

"ஏனுங்க..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கிரகணம் உட்டுருச்சுங்களா?"

"உட்டுருச்சு அம்மணி" என்றார். "எப்பவோ உட்டுருச்சு. முழுங்கு."

அவர் சொல்லி அக்கா எதையும் சந்தேகப்பட்டதில்லை. வாயைத் திறந்தார். ஒரு வாய், இரண்டு வாய், மூன்றாவது வாய்க்கு அக்காவே அவர் கையைத் தேடினார். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, தங்கள் மாடியில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை கதவைத் தட்டியவர் வெள்ளியங்கிரி அண்ணன்தான். போலீஸ் பேச்சை எடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கேமராவை நானே எடுத்து நீட்டினேன். நான் ஓடிய பிறகும் அது தன் பாட்டுக்கு எடுத்துத் தள்ளியிருந்தது. ஆறு நாற்பத்தைந்துப் படத்தில் நிறுத்தினேன். மேலே தலையில் கறுப்போடு நிலா. கீழே கம்பிகளுக்குப் பின்னால் குனிந்த ஒரு ஆள், நிமிர்ந்த ஒரு முகம், அந்த முகத்தருகே ஒரு கை. ஓரத்தில் பாதி முதுகாக நான், அது ஒன்றுதான் படத்துக்குக் கேடு.

கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதப் பாத்தா, அப்பக் கிரகணம் உடலீன்னு அவளுக்குத் தெரிஞ்சுருமுங்களா?"

தெரிந்துவிடும் என்றேன். அழித்துவிடுவதாகச் சொல்லி விரலைப் பொத்தான்மேல் வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிச்சுப்போடாதீங்க தம்பி. அவ கண்ணுல மட்டும் காட்டீராதீங்க. எப்பவாச்சும் நானு வந்து பாத்துட்டுப் போறனுங்க."