ஐஸ்குச்சிப் பாலத்தில் சைக்கிள் கம்பி

ஞாயிறு பூசை முடிந்து வந்த லீனா, சேலையைக்கூட மாற்றாமல் கூடத்தைப் பெருக்க ஆரம்பித்தாள். மதியம் மீன் குழம்புக்கு தொம்மலூரிலிருந்து கணவன் கிளெமென்ட்டின் அண்ணன் க்ளென் வருகிறார். சோபாவுக்கடியில் துடைப்பத்தில் ஏதோ சிக்கியது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பித் துண்டு. பக்கத்திலேயே இன்னொன்று, கட்டிங் பிளேயரும்.

மேசைமேல் மகள் ஆஞ்சலாவின் ஐஸ்குச்சிப் பாலம் இருந்தது. நாளை பள்ளியில் போட்டி. குச்சியும் பசையும் தவிர வேறு எதுவும் கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார். கட்டிக் கட்டி உடைத்து, முக்கோணமாக வைத்தால்தான் வளையாது என்று பெண் தானாகக் கண்டுபிடித்த பாலம். லீனா குனிந்து பார்த்தாள். இரண்டு குச்சிகளுக்கு நடுவே மெல்லிசாக ஒரு வெள்ளிக் கோடு.

கம்பித் துண்டுகளைக் கணவன் முன் நீட்டினாள்.

"ஏங்க, என்ன இது?"

கிளெமென்ட் கம்பியைப் பார்த்தான். படுக்கையறைக் கதவைப் பார்த்தான். "மெதுவா பேசு. ஸ்வல்ப, கொஞ்சூண்டு சப்போர்ட் குடுத்தேன், அவ்ளோதான். போன வருஷம் அண்ணன் பையன் கப்பு வாங்கினப்போ அவங்க எப்படி ஆடினாங்க, மறந்துட்டியா?"

"அவ கட்டினதைப் பிரிச்சீங்களா?"

"மேல் குச்சியை மட்டும் எடுத்து, உள்ள கம்பியை வச்சு ஒட்டினேன்."

"தவக்காலம்னு கறியைத் தொட மாட்டேங்கறீங்க. இதைத் தொட மட்டும் கை கூசலையா?"

"இதையெல்லாமா பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லுவாங்க? போடி!"

அதற்குள் ஆஞ்சலா வாளியோடு ஓடி வந்தாள். "மம்மி, போன பாலம் ஏழு மக்ல உடைஞ்சுதுல்ல? இது எட்டு தாங்கினா போதும்!"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு லீனாவால் சொல்ல முடியவில்லை. கம்பித் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிந்த பிறகுதான், தானே எதையோ திருடி ஒளித்தது போல அருவருத்தது.

க்ளென் வந்து உட்கார்ந்ததும் சோதனை ஆரம்பமானது. இரண்டு நாற்காலிக்கு நடுவே பாலம், அதன் நடுவில் கயிறு, கயிற்றில் வாளி. ஆஞ்சலா மக்கால் மொண்டு மொண்டு ஊற்றினாள். எட்டாவது மக்குக்குக் குதித்தாள். பத்தாவதில் சிரிப்பு நின்றது. வாளி நிறைந்தும் பாலம் அசையவில்லை.

"சபாஷ்!" என்று கிளெமென்ட் கை தட்டினான்.

"இல்ல டாடி. இது உடையணும்."

"எதுக்கு உடையணும்? எறக்கு, போதும்."

"இவ்ளோ தாங்காது. என் பாலம் எனக்குத் தெரியாதா?"

க்ளென் தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஸ்டீலா? நான் என் பையன் நீலுக்கு அலுமினியம் வச்சேன். மேல பெயின்ட் அடிச்சிடு, ஒருத்தனுக்கும் தெரியாது. டென்ஷன் நக்கோ, கவலையே படாதே!"

அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி பல்லைக் காட்டிச் சிரித்தார்கள்.

ஆஞ்சலா சிரிக்கவில்லை. வாளியை இறக்கினாள். மேல் குச்சியை நகத்தால் நெம்பினாள். பசை இன்னும் சரியாகக் காயவில்லை; குச்சி பிய்ந்து, கம்பி முள் மாதிரி வெளியே வந்தது. அதை உருவித் தரையில் போட்டாள். பிறகு அடுத்தது.

"மம்மி, உனக்குத் தெரியுமா?"

லீனாவின் கை தன்னையறியாமல் முந்தானை முடிச்சுக்குப் போனது. பெண் அதையும் பார்த்துவிட்டாள்.

"விடுடி செல்லம், டாடி வேற ஒண்ணு சூப்பரா கட்டித் தரேன்," என்றான் கிளெமென்ட்.

"தொடாதீங்க."

பிய்ந்த பாலத்தையும் பசை டப்பாவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"கோவத்தைப் பாருடா!" என்றார் க்ளென். "லீனா, சாப்பாடு போடுறியாம்மா? எனக்குத் தலைத்துண்டு."

லீனா சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. படுக்கையறைக் கதவைத் தட்டினாள்.

"திற கண்ணு. மம்மிதான்."

"தெரியும்," என்றது உள்ளேயிருந்து. கதவு திறக்கவில்லை.