வலது கையில் கைபேசி

1

இந்தக் கதை என் மண்டையில் பிறந்ததல்ல. கார் காப்பீட்டு விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில், 'விபத்து நடந்த விதத்தைச் சுருக்கமாக எழுதவும்' என்று ஆறு கோடு போட்டு விட்டிருந்தார்களே, அந்த இடத்தில் பிறந்தது. இத்தனை வருடம் எழுதியதில், நான் எழுதிய ஒரு வரியை எழுதியபடியே நம்பி, அதன்மேல் நடவடிக்கையும் எடுத்தவர்கள் அந்தக் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் இறங்கவில்லை. அக்காவுக்கும்தான்.

அக்கா என் கூடப் பிறந்தவள். திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறாள். அப்பா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருமே கடைக்காரர்கள். யாராவது ஓடி வந்து 'மழை கொட்டுது' என்றால், தூறல்தான் என்று குறைத்துக் கேட்டுக்கொள்ளும் குடும்பம்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'அன்று காலை இளவெயில் மெல்ல — ' (வெயிலுக்குக் காப்பீடு கிடையாது. அடித்துவிட்டேன்.)

'விதி எந்தச் சந்துமுனையில் — ' (சீ.)

'காலை ஒன்பதே முக்காலுக்கு அக்கா தபால் நிலையத்துத் திருப்பத்தில் காரைத் திருப்பினாள். பக்கத்துச் சந்திலிருந்து ரொட்டி வண்டி வந்து மோதியது. அதை ஓட்டியவரின் வலது கையில் கைபேசி இருந்தது. பார்வையும் அதில்தான் இருந்தது. காரின் பக்கக் கதவுகள் இரண்டும் உள்ளே அமுங்கின.'

இது நிற்கிறது. படித்தவுடன் அந்த ஆள்மேல் உங்களுக்கே ஒரு எரிச்சல் வந்திருக்கும். வந்ததா இல்லையா?

3

இனி அக்கா பக்கம் நின்று சொல்கிறேன்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சத்தம், மடி நிறையக் கண்ணாடித் தூள், சட்டையெல்லாம் மாவோடு ஓடிவந்து "அடி பட்டுச்சா மேடம்?" என்று கேட்ட ஓர் ஆள். திரும்பும்போது தான் சிக்னல் போட்டோமா என்பது எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. அதுதான் உறுத்தியது.

"அவன் கவனம் ரோட்டுல இல்லேன்னு எழுது," என்றாள்.

"வேற எங்க இருந்துச்சு?"

"அது எனக்கு எப்படிடா தெரியும்? நீதானே ஊருக்கெல்லாம் கதை எழுதுறவன். ஏதாவது வை."

கைபேசியை வைத்தேன். வலது கையில் வைத்தேன்.*

* 'கையில்' என்று மட்டும் எழுதினால் கேள்விப்பட்டது மாதிரி இருந்தது. 'வலது' என்றதும் பார்த்தது மாதிரி ஆகிவிட்டது. தொழில் ரகசியம்.

அக்கா படித்தாள். "கொஞ்சம் தூக்கலா இருக்கே."

"எடுத்துடவா?"

"இருக்கட்டும். அவங்க குறைப்பாங்கல்ல. சிக்னல் போட்டீங்களாம்பாங்க, நான் ஞாபகம் இல்லேம்பேன். சரி, போனை விடுங்க, ஆளுக்குப் பாதித் தப்புன்னு முடிப்பாங்க. போனும் இல்லேன்னா நான் எதை விட்டுக்கொடுக்கிறது?"

[இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எங்கள் கடையில் முதலில் சொல்லும் விலை, வந்தவர் உட்காரப் போடும் நாற்காலி மாதிரி. அதிலிருந்துதான் பேச்சே ஆரம்பிக்கும். சொன்ன விலையை ஒருவர் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போனால், அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. நல்ல பத்திதான். ஆனால் இப்போது அதைப் படித்தால் எனக்கே — ]

4

சேதத்தைப் பார்க்கக் காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் வந்தார். சின்ன வயதுப் பெண். கதவின் பள்ளத்தைப் படம் எடுத்தார். கடைக்குள் வந்து நின்றபடியே ஆறு வரியையும் படித்தார்.

"ஓட்டினவர் கையில போன் இருந்துச்சுங்களா?"

அக்கா முழங்கையைக் கல்லாமேசையில் ஊன்றிக்கொண்டாள். இருபது வருடமாக எவரையும் சும்மா அனுப்பாத முழங்கை அது. "இருந்த மாதிரிதான் இருந்துச்சு," என்றாள், குறைக்க இடம் விட்டு.

"சரிங்க மேடம்."

அக்கா காத்திருந்தாள். அந்தப் பெண் பேனாவை மூடினார்.

"வேற ஒண்ணும் கேக்கலையே?"

"அதான் தெளிவா எழுதியிருக்கீங்களே."

"இல்லம்மா, நானும் சிக்னல் போட்டேனா என்னன்னு... ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம்..."

"நீங்க டென்ஷன் ஆகாதீங்க. போன் பேசிட்டு ஓட்டினா முழுத் தப்பும் அவங்களுதுதான்."

அவர் போனபிறகு அக்கா ஒரு பாட்டில் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள். "ஒரு வார்த்தை குறைக்கலடா," என்றாள். "ஒரே ஒரு வார்த்தை." மோதிய அன்றுகூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை.

கம்பெனியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று தினமும் போனை எடுத்தாள். தினமும் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

5

ரொட்டி வண்டிக்காரரை எப்படிக் காட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. சிவந்த கண், தடித்த குரல், 'பாத்துக்கிறேன்' என்று ஒரு மிரட்டல் — இப்படித்தான் முதலில் எழுதிவைத்தேன். அவர் நேரில் வந்து அதைக் கெடுத்துவிட்டார்.

பதினோராம் நாள் மத்தியானம். மாவு இல்லாத சட்டையில் அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. "ரொட்டி வண்டி மேடம்," என்றார். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். சண்டை அவளுக்குத் தெரிந்த தொழில். அது வந்ததில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"சண்டைக்கு வரல," என்று அவர் முக்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அன்னிக்கு நான் யாரோட பேசிட்டு இருந்தேன்?"

"எதுல?"

"போன்லதான். நீங்க எழுதினதை எங்க முதலாளி படிச்சுக் காட்டினாரு. மொதல்ல, இல்லவே இல்லைன்னுதான் சொன்னேன். வீட்டுக்குப் போயி யோசிச்சுப் பாத்தா, வலது கைன்னு அவ்வளவு சரியாச் சொல்றாங்க, படிச்சவங்க, அவங்களுக்கு என்ன வந்துச்சு பொய் சொல்ல? இடிச்ச இடியில எனக்குத்தான் மறந்திருக்கும்னு தோணிடுச்சு. மறுநாள் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்."

அக்கா செருகிய தலைப்பை எடுத்து விட்டுக்கொண்டாள்.

"வண்டியை வாங்கிட்டாங்க. இப்ப பேக்கரியிலயே தட்டு கழுவுறேன். அது போகட்டும் மேடம். வீட்டுக்காரி என் போனை எடுத்துப் பாத்திருக்கா. அந்த நேரத்துக்கு ஒரு காலும் இல்ல. அப்ப இன்னொரு போன் வெச்சிருக்கியா, யாரு அந்தப் பொம்பளைன்னு கேக்குறா. எனக்கே தெரியல, நான் என்னத்தச் சொல்ல? பிள்ளைங்களைக் கூட்டிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா." உள்ளங்கையை முழங்காலில் தேய்த்தார். "நீங்க பாத்தீங்கல்ல. பேசல, சும்மா கையில வெச்சிருந்தேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவ்வளவு குறைச்சுக்குங்க மேடம்."

நான் துணிச் சுருள்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த வரியில் பேரம் பேச ஒருவழியாக ஓர் ஆள் வந்துவிட்டார். அவரும் கைபேசியை எடுக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைக்கத்தான் சொல்கிறார்.

6

மேசை இழுப்பறையில் கம்பெனியின் கடைசித் தாள் இருக்கிறது. அது இருப்பது அவருக்குத் தெரியாது. 'முன்பு தந்த விவரத்தில் திருத்தம் உண்டா?' அதன் கீழே இரண்டு கட்டம்.

முதல் முடிவு: அக்கா 'ஆம்' கட்டத்தில் கோடு போடுகிறாள். காப்பீடு போகிறது, பொய் விவரம் தந்ததாக வழக்கு வரலாம், அமுங்கின கதவோடு கார் அப்படியே நிற்கிறது. அவருக்கு வண்டி திரும்பக் கிடைக்கிறது. இதை நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் யாரோ ரொம்ப நல்லவர்களின் கதை மாதிரி வந்தது.

இரண்டாவது: அக்கா அவர் மனைவியிடம் பேசுகிறாள். "சும்மா கையிலதான் வெச்சிருந்தாரும்மா." பிள்ளைகள் வீடு திரும்புகின்றன. தன் கையில் இல்லாத கைபேசிக்காக அவர் ஆயுசு பூராவும் அக்காவுக்கு நன்றி சொல்கிறார். இதை ஒரே மூச்சில், ஓர் அடித்தல் இல்லாமல் எழுதிவிட்டேன்.

மூன்றாவது —

"உள்ள நிக்கிறியே, வெளிய வா," என்றாள் அக்கா என் பக்கம் திரும்பாமலே. "எழுதினவன் நீ. நீ சொல்லு."

மூன்றாவதையும் எழுதி அடித்துவிட்டேன். அதனால் உங்களிடம் விடுகிறேன். அந்த ஆறு வரியை நீங்களும் படித்தீர்கள். நீங்களும் எதையும் குறைக்கவில்லை. நான் இங்கே எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவர் முக்காலி ஓரத்தில் உட்கார்ந்து, யார் முதலில் வாயைத் திறப்பார்கள் என்று முகம் முகமாகப் பார்க்கிறார். பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் நம்பிவிடுவார்.