ஆற்றைக் கடக்கும் காட்சி

பாறசாலைத் திரையரங்கின் கம்பிக்கதவு திறக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. விமலகுமாரிச் சித்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துக்கு உடுக்கும் நீலக்கரைச் சேலையில், விரித்த குடையோடு கதவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். வெயில் இல்லை, மழையும் இல்லை. செங்கல் ஊர் அங்கன்வாடியில் டீச்சராக இருக்கும் அவளை, இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சினிமாப் பக்கமே திரும்பாத அவளை, தெரிந்தவர் யாரும் அங்கே கண்டுவிடக் கூடாது என்பதற்காகவே குடை விரிந்திருந்தது. சாலைக்கு அப்பால் தேநீர்க்கடைப் பெஞ்சில் குளத்தூர் தங்கையன் உட்கார்ந்து, கண்ணாடித் தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியின் மகள் ஜீனாவைத் தன் மகனுக்குப் பெண் கேட்டிருப்பவர் அவர். அவரைப் படம் பார்க்க அழைத்ததும் சித்திதான். என்னையும் அழைத்திருந்தாள், இந்தக் கதையில் வந்த மூன்று படங்களையும் ஒப்பிடத் தெரிந்தவன் என்ற தகுதியில்.

வரும் ஞாயிறு ஆலயத்தில் முதல் ஓலை வாசிக்கப்பட வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் மூன்று ஞாயிறுகள் சபையின் முன் அறிவிப்பதையே ஓலை என்கிறோம். அந்த ஓலையில் ஜீனாவின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் இருக்க வேண்டும் என்பது தங்கையன் வைத்த ஒரே நிபந்தனை. நகையோ நிலமோ அவர் கேட்கவில்லை. "ஆளு இருக்காருன்னு ஓலை வாசிச்சா, மணவறையில பெண்ணுக்க கையப் பிடிச்சுக் குடுக்க ஆளு வரணும் டீச்சரே. வரல்லேன்னா பெண்ண விட்டுட்டு ஓடுனவன்னு பேசுவாங்க. எனக்கு அது பிடிக்காது," என்று அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் இதே சொல்லில் தட்டி நின்றுபோயிருந்தன.

சித்தப்பா ரெத்தினதாஸ் எழுபத்தொன்றாம் ஆண்டு டிசம்பர்ப் போரில் காணாமற்போனார். தந்தியில் 'காணவில்லை' என்று மட்டுமே இருந்தது. மூன்று மாதம் கழித்து ஜீனா பிறந்தாள். இறந்தவராகக் கருதச் சம்மதம் கேட்டு வந்த தாள்களில் சித்தி ஒருபோதும் ஒப்பமிடவில்லை. மாறாக, ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஆலயத்து ஜெபப்பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டாள்: 'படையில் இருக்கும் ரெத்தினதாஸ் சுகமாய் வீடு திரும்ப.' ஐந்து போதகர்கள் மாறினார்கள். ஐவரும் அதை வாசித்து ஜெபித்தார்கள். எங்கள் சபை உயிரோடிருப்பவர்களுக்காகத்தான் ஜெபிக்கும். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் முறையில் இல்லை. எனவே ஓலையில் அந்தச் சொல் ஏறிவிட்டால், அடுத்த சனிக்கிழமை முதல் பெட்டியில் போட அவளிடம் சீட்டு இருக்காது. தங்கையன் கேட்டது ஒரு சொல்லைத்தான். அதற்கு அவள் என்ன கொடுக்க வேண்டியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

சித்தப்பா உயிரோடிருக்கிறார் என்பதற்கு அவளிடம் இருந்த சாட்சி ஒரு திரைப்படம். எழுபத்துநான்கில் இதே கொட்டகைக்கு ஒரு மலையாளப் போர்ப்படம் வந்தது. அதில் சிப்பாய்கள் நெஞ்சளவு தண்ணீரில் ஆற்றைக் கடக்கும் காட்சியில் ஒருவன், தலைக்கவசத்தை இடது கையால் அழுத்திப் பிடித்தபடி, சட்டென்று திரும்பி நம்மைப் பார்ப்பான். ஒரு நொடிதான். அந்த முகம் சித்தப்பாவின் முகம். காணாமற்போய் மூன்று ஆண்டுக்குப் பின் எடுத்த படத்தில் அவர் ஓடுகிறார் என்றால் எங்கோ இருக்கிறார் என்றுதானே பொருள்? இரண்டு வயது ஜீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பதினொரு நாள் அந்தக் காட்சிக்காக மட்டும் அவள் வந்து போனாள்.

இதையெல்லாம் போன திங்கட்கிழமைதான் எனக்குச் சொன்னாள். ஒரே போர்க்கதையின் மூன்று வடிவங்களை ஒப்பிடுவது என் ஆய்வுப்பொருள். முதலாவது அறுபத்தாறில் வந்த இந்திப் படம். அது எங்கள் ஊர்களுக்கு வரவேயில்லை. இரண்டாவது இந்த மலையாளப் படம். மூன்றாவது, தமிழில் வண்ணத்தில் அகலத்திரைக்கென்று எடுக்கப்பட்டு, இப்போது பாறசாலைக்கு வந்திருப்பது. திருவனந்தபுரத்தில் ஒரு திரைப்படச் சங்கத்தின் அறையில், சுருளைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கும் மேசையில், முதலிரண்டையும் ஃபிரேம் ஃபிரேமாக, சட்டம் சட்டமாகப் பார்த்திருந்தேன்.

"எலே மக்கா, அந்தப் படத்தப் பற்றி எழுதுதியாமே. ஜீனா சொன்னா," என்று சித்தி தொடங்கினாள். "ஆத்தக் கடக்குத எடத்துல ஒராளு திரும்பிப் பாக்கும். அதையும் எழுதினியா?"

"அதப் பற்றி மட்டும் ரெண்டு பக்கம் உண்டு சித்தி."

"அது உனக்க சித்தப்பாவாக்கும்."

அந்த இரண்டு பக்கங்களில் நான் எழுதியிருந்தது இது: கதைக்குள் இருக்கும் மனிதன் கதைக்கு வெளியே இருப்பவனைப் பார்த்துவிடும்போது படம் தன் பொய்யைத் தானே ஒப்புக்கொள்கிறது. எழுதியபோது அந்த வரியில் எனக்குப் பெருமை இருந்தது. சித்தி வீட்டுச் சுவரில் இருபதாண்டுகளாக நான் பார்த்துவந்த கல்யாணப் படத்தின் முகம் அது என்பது எனக்குத் தட்டுப்படவேயில்லை. நான் அதைக் கருத்தாகப் பார்த்தேன், முகமாகப் பார்க்கவில்லை. அதைவிடக் கொடியது வேறொன்று. அடுத்த பக்கத்தில், என் சொந்தக் கண்டுபிடிப்பாக, அந்தக் காட்சி மலையாளப் படத்துக்கென்று எடுக்கப்பட்டதே அல்ல என்று நிறுவியிருந்தேன். இந்திப் படத்துக்காக ராணுவம் உண்மையான சிப்பாய்களை ஆற்றில் இறக்கிக் கொடுத்தது. அந்தத் துண்டை விலைக்கு வாங்கி அப்படியே ஒட்டியிருந்தார்கள். அதே மேகம், அதே புகை, மூன்றாம் வரிசையில் அதே மனிதன் இடறுகிறான். ஆகவே சித்தப்பா அந்த ஆற்றில் இறங்கியது அறுபத்தாறில். அவருக்குக் கல்யாணம் ஆவதற்கே இரண்டு ஆண்டு முன்பு.

புதன்கிழமை ஜீனாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மைகிட்ட சொல்லிராதிய அண்ணா."

"சொல்லாட்டா ஓலை எப்படி?"

"ஓலை வாசிக்காண்டாம். இது மூணாவது ஆளாக்கும், எனக்குப் பழகிப்போச்சு." சிரித்தாள். பிறகு மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். "ஆனா, சொல்லாமலும் இருந்துராதிய அண்ணா. எனக்கு இருபத்திநாலு வயசாச்சு. நான் ஒருநாளும் கண்டிராத ஆளுக்கு வேண்டி எத்தர காலம் காத்திருக்க?"

எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்தான் வியாழக்கிழமை மாட்டினிக்கு வந்து நின்றேன். புதிய படத்திலும் ஆற்றைக் கடக்கும் காட்சி உண்டு என்று ஆபரேட்டர் பொன்னப்பன் சித்தியிடம் சொல்லியிருந்தார். தங்கையன் தம் கண்ணால் அந்த முகத்தைப் பார்க்கட்டும். பார்த்தபின்னும் 'காலஞ்சென்ற' என்று எழுதச் சொல்ல அவருக்கு மனம் வராது. இதுதான் அவள் கணக்கு.

உள்ளே முப்பது பேர் இருந்திருப்பார்கள். சித்தி நடுவில், தங்கையன் வலப்புறம், நான் இடப்புறம். என் நோட்டுப் புத்தகம் மடியில் மூடியே கிடந்தது. முதல் படத்தில் எதிரியின் முகம் கடைசிவரை தெரியாது. ஆறும் மூடுபனியும் அச்சமும் மட்டுமே இருக்கும். இரண்டாவதில் கூடாரத்துக்குள் ஒரு பாட்டும், ஊரில் காத்திருக்கும் ஒரு பெண்ணும் சேர்ந்தார்கள். மூன்றாவதில் கதாநாயகன் ஒருவனே ஒரு பாலத்தைத் தகர்த்தான். ஒலி நாற்காலியின் கட்டையில் அதிர்ந்தது. காத்திருக்கும் பெண் மூன்றாவதில் இல்லை. இதையெல்லாம் வேறொரு நாள் ஆவலோடு குறித்திருப்பேன். இப்போது ஒவ்வொரு வெடிப்புக்கும் சித்தியின் கை என் மணிக்கட்டில் இறுகுவதை மட்டும் உணர்ந்துகொண்டிருந்தேன்.

"இப்ப வரும்," என்றாள் அவள் தங்கையனிடம். "நல்லா பாருங்க. இடது பக்கமாக்கும்."

இடைவேளைக்குச் சற்று முன், கதாநாயகனின் தகப்பன் போரிட்ட கதை நினைவாக வந்தது. நிறம் போய், காட்சி பழுப்பாயிற்று. நான் உடனே அறிந்துகொண்டேன். அதே மேகம், அதே புகை. மூன்றாம் முறையாகவும் அந்தத் துண்டையே எடுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் ஏறத்தாழச் சதுரமான பழைய சட்டத்தை இந்த நீண்ட திரைக்குப் பொருத்துவதற்காக மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். தண்ணீர் இருந்தது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மார்புகளும் தோள்களும் போயின. கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. இடப்புறத்தில் ஒரு முழங்கை மட்டும் உயர்ந்து, திரையின் விளிம்பில் முடிந்தது. அந்தக் கை எதைப் பிடித்திருந்தது, அந்தத் தோள் ஏன் திடீரெனத் திரும்பியது என்பது அரங்கில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

"இதுல யாரு டீச்சரே?" என்று தங்கையன் கேட்டார். அதில் கேலி இல்லை. முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கி, உண்மையாகவே தேடியிருந்தார்.

விளக்குகள் எரிந்தன. சித்தி எழுந்து, பக்கவாட்டுக் கதவு வழியே ஆபரேட்டர் அறையின் இரும்புப் படிகளை நோக்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

பொன்னப்பன் சட்டையில்லாமல் சுருளை மாற்றிக்கொண்டிருந்தார். "ஆரு, டீச்சரம்மையா? எழுபத்திநாலுல பதினொண்ணு நாளு வந்த ஆளில்லியா? அந்தப் படத்த எடுத்தவன்கூட அத்தர தடவ பாத்திருக்க மாட்டான்." சித்தியின் முகத்தைக் கண்டதும் அவர் சிரிப்பு நின்றது.

"அந்த ரீல ஒருக்கா கூடப் போடு பொன்னப்பா. ஆளுவ எல்லாம் சாயா குடிக்கப் போயிருக்கு."

"போட்டா மட்டும் என்ன டீச்சரே? அது லேபுல வெட்டுனதாக்கும்."

"போடு."

அவர் என்னைப் பார்த்தார்; பிறகு சுருளைத் திருப்பிச் சுற்றத் தொடங்கினார். அந்தச் சத்தத்தின் மறைவில் பேச எனக்குத் துணிவு வந்தது.

"சித்தி, ஒரு காரியம் சொல்லணும். அந்தக் காட்சி நீங்க நினைக்கிய வருஷத்துல..."

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம் மக்கா." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "எழுபதுல லீவுக்கு வந்தப்ப ரப்பர் ஷீட் அடிக்கிய மெஷின்ல அவருக்க இடது கையி மோதிர வெரலு பாதி போச்சு. நானாக்கும் துணி சுத்துனது. அந்தப் படத்துல தொப்பியப் பிடிச்ச கையில அஞ்சு வெரலும் முழுசா உண்டு. மொத நாளே கண்டேன்."

சுருள் சுற்றிக்கொண்டேயிருந்தது. அந்தக் கையை நானும் குறித்திருந்தேன்: 'ஐந்து விரல்களும் விரிந்த கை.' இரண்டு படங்களின் துண்டும் ஒன்றே என்று நிறுவ நான் பயன்படுத்திய அடையாளங்களில் அதுவும் ஒன்று.

"பின்ன எதுக்கு சித்தி பதினொண்ணு நாளு வந்திய?"

"ஒரு நாளாவது அந்த அஞ்சு வெரலு நாலரை ஆவாதான்னுதான்."

பொன்னப்பன் தலை குனிந்துகொண்டார். சித்தி சேலை முனையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இது புதுப் படமில்லியா. இப்ப உள்ள அவர வச்சுப் புதுசா எடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன் மக்கா. அவங்களுக்கு எடுக்கத் தெரியாதா என்ன? நாளக் கழிச்சு சனிக்கிழமையாக்கும். நான் சீட்டுல என்ன எழுத? நீ படிச்சவன், சொல்லு. என்ன எழுத?"

அரங்கின் விளக்குகள் அணைந்தன. இடைவேளை முடிந்ததாக எண்ணி வெளியிலிருந்து சிலர் ஓடிவந்தார்கள். மறுபடி அதே ஆறு வருவதைக் கண்டு ஒருவன் கூவினான். சுவரில் இருந்த சதுர ஓட்டை வழியே நாங்கள் பார்த்தோம். தலையற்ற மனிதர்கள் இறங்கி வந்தார்கள்.

"படத்தக் கொஞ்சம் கீழ எறக்கு பொன்னப்பா. தலை மேல நிக்குதில்லியா, கீழ எறக்கு."

தலை அங்கே இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் கருவியின் பக்கத்திலிருந்த குமிழை மெல்லத் திருகினார். படம் கீழே இறங்கியது. திரையின் உச்சியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கிவந்து தோள்களின்மேல் நின்றது. கோட்டுக்கு மேலே, முகங்கள் இருக்கவேண்டிய இடத்தில், முந்தைய சட்டத்தின் அடிப்பகுதி தெரிந்தது: கலங்கிய நீர், அதைத் தள்ளும் மார்புகள். கீழே சீழ்க்கை எழுந்தது. தங்கையன் மட்டும் இருக்கையிலிருந்து எழுந்து, திரையைப் பார்க்காமல், திரும்பி எங்கள் ஓட்டையை அண்ணாந்து பார்த்தார்.

சித்தி ஓட்டையை விட்டு நகர்ந்தாள். நான் தடுப்பதற்குள், லென்சுக்கு முன்னால் பாயும் ஒளிக்குள் தன் இடது கையை நீட்டினாள். மோதிர விரலைப் பாதியில் மடக்கி, மற்ற விரல்களை விரித்து, அந்த முழங்கை முடியும் இடத்தைத் தேடிக் கையை மேலும் கீழும் நகர்த்தினாள். திரையில் ஆற்றின்மேல் ஒரு பெரிய நிழல் கவிந்தது. ஒளிக்கு மிக அருகில் இருந்ததால் அது விளிம்பில்லாமல் மங்கிப் பரவியிருந்தது. விரல்களை எண்ண முடியவில்லை.